முந்தின ஃப்ளேவர் விடாம ஒட்டிக்கிட்டு வருதா? புது இ-லிக்விட் டேஸ்ட் பாக்கறதுக்கு ஒரு எளிய விளக்கம்

வேப்ல, அதாவது எலக்ட்ரானிக் சிகரெட்ல, ஊத்தற புது லிக்விட் நாலஞ்சு பாட்டில் வரிசையா வச்சுக்கிட்டு எது நல்லா இருக்குன்னு இன்னிக்கே பாத்துடலாம்னு உக்காந்தா பெரும்பாலும் நடக்கறது இதுதான், முதல் பாட்டில் மட்டும் அதோட சொந்த டேஸ்ட்ல இருக்கும், ரெண்டாவதுல முதலாவது லேசா எட்டிப் பாக்கும், மூணாவதுல முன்னாடி ரெண்டும் சேந்து நிக்கும், நாலாவது வர்றதுக்குள்ள எல்லாமே ஏதோ ஒரு இனிப்புப் புகைன்னு ஆயிடும். அதை வச்சுக்கிட்டு "இந்த மாம்பழம் ஒண்ணும் சரியில்ல"ன்னு ஒரு தீர்ப்பு சொல்லி பாட்டிலை ஓரங்கட்டிடுவோம். அந்த மாம்பழம் ஒரு பாவமும் பண்ணியிருக்காது, அதுக்கு முன்னாடி அடிச்ச மிண்ட் பண்ண வேலை அது.

இது ஏற்கனவே வேப் அடிக்கற பெரியவங்களுக்கு எழுதறது. சிகரெட்டும் இல்ல வேப்பும் இல்லன்னு நிம்மதியா இருக்கறவங்க ஃப்ளேவர் நல்லா இருக்காமேன்னு இதுக்குள்ள வரவே வேணாம், நிக்கோட்டின் ஒருதடவை பிடிச்சா லேசுல விடாது. சரி, விஷயத்துக்கு வரேன்.

பழைய ஃப்ளேவர் ஒட்டிக்கிட்டு வருதுன்னா அது ரெண்டு இடத்துல ஏதாவது ஒண்ணுல இருக்கு. ஒண்ணு டிவைஸ் உள்ள, அதாவது லிக்விட்டை உறிஞ்சற காட்டன், அதைச் சூடாக்கற காயில் கம்பி, லிக்விட் நிக்கற டேங்க், ரப்பர் ரிங் இதுல எங்கயாவது. இன்னொண்ணு உங்க வாய்லயும் மூக்குலயும். ரெண்டுக்கும் வைத்தியம் சுத்தமா வேற. டிவைஸ்ல இருக்கறதுக்கு நீங்க எவ்வளவு தண்ணி குடிச்சாலும் போகாது, வாய்ல இருக்கறதுக்கு டேங்கைப் போட்டு எவ்வளவு தேச்சாலும் போகாது. நிறைய பேர் இந்தக் குழப்பத்துலதான் நல்லா இருக்கற காயிலைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டி, அப்பவும் டேஸ்ட் வரலன்னு லிக்விட் கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.

எதுல இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஃப்ளேவரே போடாத வெறும் பேஸ் லிக்விட் கிடைக்கும், பிஜி, விஜின்னு சொல்ற ரெண்டு அடிப்படை திரவம் மட்டும் கலந்தது, நிக்கோட்டின் ஜீரோ. அதை ஒரு சின்ன பாட்டில் எப்பவும் பக்கத்துல வச்சுக்கங்க. சந்தேகம் வந்தா அதை ஊத்தி ரெண்டு மூணு பஃப் இழுங்க. வெறும் பேஸ்ல லேசான இனிப்பைத் தவிர ஒண்ணும் தெரியக் கூடாது. அதுல ஸ்ட்ராபெர்ரி தெரிஞ்சா, அந்த ஸ்ட்ராபெர்ரி பாட்டில்ல இருந்து வரல, உங்க டிவைஸ்ல இருந்து வருது, கதை முடிஞ்சுது. பேஸ் சுத்தமா இருக்கு ஆனா அடுத்த ஃப்ளேவர் மட்டும் மந்தமா தெரியுதுன்னா டிவைஸ் மேல பழி போடாதீங்க, உங்க மூக்கு களைச்சுப் போச்சு. வாய்ல மெந்தால் மாதிரி ஏதாவது நிஜமாவே மிச்சம் இருந்தா பேஸ் இழுக்கும்போதும் ஜில்லுன்னு தெரியும், அதனால முதல்ல பஃப் இழுக்காம சும்மா வாயால காத்தை உள்ள இழுத்துப் பாருங்க, அப்பவே ஜில்லுன்னா அது வாய்தான்.

இப்ப டிவைஸ் பக்கம் பாக்கலாம், ஏன் ஒட்டுதுன்னு புரிஞ்சாத்தான் எதைக் கழுவணும் எதை மாத்தணும்னு தெரியும். இ-லிக்விட்ல இருக்கறது மொத்தமே நாலு ஐட்டம்தான். புரொப்பிலீன் கிளைக்கால், அதைத்தான் பிஜின்னு சொல்றோம். வெஜிடபிள் கிளிசரின், அது விஜி. அப்புறம் ஃப்ளேவர், அப்புறம் வேணும்னா நிக்கோட்டின். பிஜி தண்ணி மாதிரி நீத்து ஓடும், ஃப்ளேவரை நல்லா தூக்கிக் காட்டும். விஜி கெட்டியா இருக்கும், அதுவே கொஞ்சம் இனிக்கும், புகை நிறைய வரும். பிஜி கொதிக்கறது 188 டிகிரி செல்சியஸ் பக்கம், விஜி 290 பக்கம். இது ரெண்டும் ஆவியாகி வெளிய போயிடும், பிரச்சினை அது இல்ல. பிரச்சினை ஆவியாகாம உள்ளயே தங்கிடற சாமான்கள்.

அதுல முதல் ஆள் இனிப்பு. நிறைய ரெடிமேட் லிக்விட்ல சுக்ரலோஸ் போடுவாங்க, உதட்டுல இனிப்பு ஒட்டற மாதிரி இருக்கும்ல, அதுதான். அது பிஜி மாதிரி அழகா ஆவியாகிப் போறதில்ல, பாதி காயில் மேலயே கருகி கருப்பா ஒரு பத்து மாதிரி படிஞ்சிடும். நீங்க அடுத்த ஃப்ளேவர் ஊத்தினதும் அந்தக் கருகல் படிவத்துக்கு மேலதான் அது சூடாகுது, அப்ப பழைய ஃப்ளேவரும் தீஞ்ச சர்க்கரை வாடையும் கலந்து வரும். டெசர்ட் வகை, கேக்கு கஸ்டர்டு மிட்டாய்ன்னு வர்றதெல்லாம் இதுல ரொம்ப மோசம், காயிலை சீக்கிரமே காலி பண்ணிடும். இனிப்பு போடாத பழ ஃப்ளேவர் அடிச்ச காயில் பாத்தீங்கன்னா ரொம்ப நாள் பளிச்சுன்னு இருக்கும்.

ரெண்டாவது காட்டன். அது பஞ்சு, உறிஞ்சறதுதான் அதோட வேலை. காட்டன்ல ஊறின லிக்விட்டை முழுசா வெளிய எடுக்கவே முடியாது, டேங்கைக் கவுத்து கொட்டிட்டாலும் காட்டன்ல இருக்கறது இருக்கும். புது லிக்விட் ஊத்தினா பழசு கொஞ்சம் கொஞ்சமா நீத்துப் போகும், முழுசா போக நிறைய பஃப் ஆகும், அதுக்குள்ள நீங்க டேஸ்ட்டைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்திருப்பீங்க.

மூணாவதுதான் யாரும் கவனிக்காத ஆள், ஓ-ரிங். டேங்க் கசியாம இருக்க அங்கங்க சிலிக்கான் ரிங் போட்டிருப்பாங்கல்ல, அது ஃப்ளேவர் எண்ணெயை உள்ள இழுத்து வச்சுக்கும். வெங்காயம் வச்ச பிளாஸ்டிக் டப்பா கழுவினாலும் மணக்குது பாத்திருப்பீங்க, அதே சமாச்சாரம்தான். கண்ணாடி இப்படிப் பிடிச்சு வைக்காது, ஸ்டீலும் பிடிக்காது, பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் பிடிக்கும். டேங்க் பளபளன்னு கழுவி புது காயில் மாட்டினதுக்கு அப்புறமும் சோம்பு வாடை வருதுன்னு ஒருத்தர் சொன்னா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, ரிங்கை மாத்தினீங்களா? வாய் வச்சு இழுக்கற ட்ரிப் டிப்ல கூட உள்ள குட்டி ரிங் ரெண்டு இருக்கும், உதடு படற இடத்துக்கு ஒட்டினாப்ல, அதை மறந்துடுவாங்க. டிவைஸோட வர்ற ஸ்பேர் ரிங் பாக்கெட்டைத் தூக்கிப் போடாம வச்சிருந்தா இதுக்குத்தான் உதவும்.

எல்லா ஃப்ளேவரும் ஒரே மாதிரி ஒட்டாது. சாதாரண பழ வகை, வெள்ளரி, தர்பூசணி, பேரிக்காய் மாதிரி லேசானதெல்லாம் ரெண்டு தடவை கழுவினா போயிடும். ஒட்டினா விடாத கோஷ்டி ஒண்ணு இருக்கு, பட்டை, சோம்பு, காபி, மெந்தால், நிஜப் புகையிலையில இருந்து இறக்கின டொபாக்கோ ஃப்ளேவர், இதுல எது பட்டாலும் அந்த டேங்க் அதுக்கே சொந்தம்னு எழுதிக் குடுத்துடறது நல்லது. பட்டையில இருக்கற சின்னமால்டிஹைடு, சோம்புல இருக்கற அனெத்தோல், எலுமிச்சை வகையில வர்ற சிட்ரால் இதெல்லாம் சில பிளாஸ்டிக் டேங்கை விரிசல் விட வைக்கவும் செய்யும், பாலிகார்பனேட் டேங்க் மங்கலாகி வெடிச்சுப் போறது இதனாலதான். பிளாஸ்டிக்கையே அரிக்கற அளவுக்கு உள்ள போற சாமான் ரப்பர்ல தங்காம இருக்குமா.

சரி டேஸ்ட் பாக்க எது நல்ல டிவைஸ்னா, என் ஓட்டு டிரிப்பருக்குத்தான், ஆர்டிஏ (RDA)ன்னு சொல்வாங்களே அது. அதுல டேங்கே கிடையாது, ஒரு சின்ன மேடை, அதுல காயில், காயிலுக்குள்ள காட்டன், மேல இருந்து நாலு சொட்டு விட்டு இழுக்கறது, அவ்வளவுதான். லிக்விட் தேங்கி நிக்கற இடம் குறைவு, ரிங்கும் குறைவு, மூடியைத் தூக்கினா உள்ள எல்லாமே கண்ணுக்குத் தெரியும். காட்டன் மாத்தறதுக்கு பழக்கம் வந்துட்டா ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான். தினசரி உபயோகத்துக்கு சொட்டு விட்டுக்கிட்டே இருக்கறது பெரிய தொல்லை, ஆனா டேஸ்ட் பாக்கறதுக்கு இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல.

செய்முறை இப்படிப் போகும். ஒரே ஒரு காயில் போதும், சிம்பிளான ரவுண்டு கம்பி, கந்தால்னு சொல்ற ஹீட்டர் கம்பி இல்லன்னா ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். ரெண்டு மூணு கம்பியை முறுக்கி அதுமேல இன்னொண்ணைச் சுத்தின அழகு காயிலெல்லாம் புகைக்கு சூப்பரா இருக்கும், ஆனா அந்த இடுக்குல எல்லாம் லிக்விட் போய் உக்காந்துக்கும், சுத்தம் பண்றது கஷ்டம், டேஸ்ட் டெஸ்டுக்கு வேணாம். காட்டனை ஒரு பட்டையா கிழிச்சு நுனியை முறுக்கி காயிலுக்குள்ள விடுங்க, இழுக்கும்போது லேசா பிடிச்சுக்கிட்டு வரணும், காயில் வளையற அளவுக்கு டைட்டா இருந்தா லிக்விட் ஏறாது, தொளதொளன்னு இருந்தா கருகும். ரெண்டு பக்கமும் வாலை வெட்டி மேடையைத் தொடற மாதிரி மடிச்சு விடுங்க. இப்ப லிக்விட் சொட்டு விடுங்க, காட்டன் வெள்ளையா இருந்தது கண்ணாடி மாதிரி ஆகி காயில் மேலயும் ஈரம் தெரியற வரைக்கும். புது காட்டன்ல முதல் ரெண்டு மூணு பஃப் காட்டன் வாடைதான் வரும், அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, அதுக்கு அப்புறம் வர்றதுதான் கணக்கு.

அடுத்த ஃப்ளேவருக்குப் போறப்ப காட்டனை உருவிப் போட்டுடுங்க, காஞ்சிருந்தாலும் சரி ஈரமா இருந்தாலும் சரி. மேடையில கிணறு மாதிரி இருக்கற இடத்துல மிச்சம் நிக்கும், அதை டிஷ்யூ வச்சு துடைங்க, மூடியோட உள் சுவரையும் ட்ரிப் டிப்போட உள்பக்கத்தையும் சேத்து. அப்புறம் காட்டன் இல்லாத வெறும் காயிலை கம்மி வாட்ல விட்டு விட்டு சூடு பண்ணுங்க, மங்கலா சிவக்கற வரைக்கும் போதும், ஒட்டியிருந்ததெல்லாம் புகையா போயிடும், சாம்பல் ஏதாவது இருந்தா ஆறினதுக்கு அப்புறம் சின்ன பிரஷ்ஷால தட்டி விடுங்க. இதைத்தான் டிரை பர்ன்னு சொல்றாங்க. கந்தால், நைக்ரோம், ஸ்டீல் இதுக்கு மட்டும்தான் இது, அதுவும் வெள்ளையா ஜொலிக்கற அளவுக்கு ஏத்தக் கூடாது. டைட்டானியம், நிக்கல் கம்பியை டிரை பர்ன் பண்ணவே கூடாது. கடையில வாங்கற ரெடிமேட் காயில் ஹெட்லயும் கூடாது, அதுக்குள்ள காட்டன் இருக்கு, எரிஞ்சு போயிடும். புகை வரும்போது வாய் வச்சு இழுக்கவும் கூடாது, சொல்லத் தேவையில்ல இருந்தாலும் சொல்லி வைக்கறேன்.

டிரிப்பர் இல்ல, லிக்விட் இருக்கற குட்டிக் கூட்டை (பாட்) கழட்டி மாட்டற பாட் சிஸ்டம்தான் வச்சிருக்கேன்னா ரொம்ப யோசிக்காதீங்க, ஒரு ஃப்ளேவருக்கு ஒரு பாட், மேல பேனாவால பேர் எழுதி வச்சுடுங்க, அதைவிட நல்ல வழி கிடையாது. ரீஃபில் டேங்கா இருந்தா முழுசா கழட்டி ரிங்கெல்லாம் தனியா எடுத்து வெதுவெதுப்பான தண்ணியில கழுவணும். பிஜி விஜி ரெண்டும் தண்ணியில நல்லா கரையும், அதனால வெறும் தண்ணியே பாதி வேலையைச் செஞ்சிடும், ஃப்ளேவர் எண்ணெய்தான் தண்ணிக்கு அடங்காது, அதுக்கு ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கற சோப்பு. அப்பவும் வாடை போகலன்னா கண்ணாடி ஸ்டீல் பாகத்துக்கு மட்டும் ஆல்கஹால் போட்டு துடைக்கலாம், அக்ரிலிக் பிளாஸ்டிக்ல பட்டா நுண்ணுசா விரிசல் விடும், அதோட ஆல்கஹால் சுத்தமா காஞ்சதுக்கு அப்புறம்தான் பேட்டரி பக்கமே போகணும். எல்லாத்தையும் நல்லா காய விடுங்க, ஈரத்தோட மாட்டினா பட்பட்டுன்னு தெறிக்கும், டேஸ்ட்டும் தண்ணியா இருக்கும். இவ்வளவும் பண்ணிட்டு பழைய காயிலையே திரும்ப மாட்டினா பழைய குருடி கதவைத் திறடிதான்.

டிவைஸ் கதை இதோட போதும். வாய், மூக்கு கதை இதைவிட சுவாரஸ்யம், ஆனா இதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

ஃப்ளேவர்னு நாம சொல்றதுல பெரும்பகுதி நாக்கு வேலையே இல்ல. நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமின்னு சொல்ற அந்த ருசி, இந்த அஞ்சுதான். மாம்பழத்துக்கும் பீச்சுக்கும் வித்தியாசம் சொல்றது மூக்கு. வாய்ல இருக்கற ஆவி தொண்டைக்குப் பின்பக்கமா ஏறி மூக்குக்குள்ள போகுது, அந்த மணத்தைத்தான் நாம வாய்ல ருசிக்கறதா நினைச்சுக்கறோம். நம்பிக்கை இல்லன்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பஃப் இழுத்து வாயாலயே விடுங்க, என்ன ஃப்ளேவர்னே தெரியாது, மூக்கை விட்டதும் குப்புன்னு வரும். அதனாலதான் டேஸ்ட் பாக்கும்போது புகையை மூக்கு வழியா கொஞ்சம் விடுங்கன்னு சொல்றாங்க, வாயால மட்டும் விட்டா பாதி ஃப்ளேவர் உங்களுக்குத் தெரியாமலே போயிடும்.

இந்த மூக்குக்கு ஒரு குணம் இருக்கு, ஒரே மணம் தொடர்ந்து வந்தா அதைக் கண்டுக்கறதை நிறுத்திடும். வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு அந்த வீட்டு வாடை தெரியாது, வெளிய போய்ட்டு வந்தா தெரியும், அதே கதைதான். வேப்லயும் ஒரே ஃப்ளேவரை நாள் முழுக்க அடிச்சா ஒருநாள் திடீர்னு ஒண்ணுமே தெரியாது, அதைத்தான் வேப்பர்ஸ் டங்னு சொல்றாங்க, பேர்ல டங் இருக்கு ஆனா பெரும்பாலும் மூக்குதான் காரணம். இதுல ஒரு சூட்சுமம் பாருங்க, ஸ்ட்ராபெர்ரிக்கு மூக்கு மரத்துப் போனா அந்த ஸ்ட்ராபெர்ரி மட்டும் மங்கறதில்ல, ஸ்ட்ராபெர்ரி மாதிரியே இருக்கற ராஸ்பெர்ரியும் சேந்து மங்கும். ஒரே குடும்பத்து ஃப்ளேவரை அடுத்தடுத்து டேஸ்ட் பாத்தா ரெண்டாவது எப்பவும் சப்புன்னு இருக்கறது இதனாலதான். அங்க பழைய ஃப்ளேவர் எதுவும் மிச்சம் இருக்கணும்னு கூட இல்ல, களைப்பு மட்டும்தான் மிச்சம்.

மெந்தால், ஐஸ் வகையெல்லாம் தனி ரகம், அதுல வர்ற குளிர்ச்சி மணமும் இல்ல ருசியும் இல்ல. நம்ம உடம்புல குளிர்ச்சியை உணர்றதுக்குன்னு டிஆர்பிஎம்8னு ஒரு புரதம் இருக்கு, மெந்தால் போய் அதைத் தட்டி விட்டுடும், நிஜமா குளிரே இல்லாம நரம்பு குளிருதுன்னு மூளைக்குச் சொல்லும். டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியா 2002ல மெந்தாலை வச்சுத்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க, 2021ல மருத்துவ நோபல் ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுத்தாங்க, இந்த மாதிரி சூடு குளிர் தொடு உணர்வு ஆராய்ச்சிக்காக. லிக்விட்ல ஐஸ்னு போட்டு வர்றதுல டபிள்யூஎஸ்-23 மாதிரி ஐட்டம் இருக்கும், அதுல மிண்ட் மணமே இருக்காது, குளிர்ச்சி மட்டும்தான், அதுவும் இதே வழியிலதான் வேலை செய்யுது. விஷயம் என்னன்னா மணம் மாதிரி இது உடனே போகாது, நின்னு நிதானமாத்தான் அடங்கும், அது அடங்கறதுக்குள்ள அடுத்த ஃப்ளேவர் போட்டீங்கன்னா அதுக்கும் ஐஸ் ஒட்டிக்கிட்டு வரும். பட்டையும் இப்படித்தான், அது குளிருக்குப் பதிலா எரிச்சல் உணர்வைக் கிளப்பும்.

அதனால டேஸ்ட் பாக்கறதுல நான் சொல்லக் கூடிய ஒரே முக்கியமான விதி வரிசைதான். லேசானதுல ஆரம்பிச்சு கனமானதுல முடிங்க. இனிப்பு கம்மியா இருக்கற பழம் முதல்ல, அப்புறம் நல்லா இனிக்கற பழம், அப்புறம் கிரீம் கஸ்டர்டு, அப்புறம் காபி டொபாக்கோ, கடைசியில ஐஸும் பட்டையும். ஒரே குடும்பத்து ஃப்ளேவர் ரெண்டு இருந்தா பக்கத்து பக்கத்துல வைக்காதீங்க. ஒரே உக்காருல மூணு நாலுக்கு மேல போறது வேஸ்ட்டுன்னுதான் நான் நினைக்கறேன், அதுக்கு மேல போனா நாம டேஸ்ட் பாக்கல, சும்மா வேப் அடிச்சுக்கிட்டு இருக்கோம். வரிசையில கூட ஒரு ஏமாத்து இருக்கு, ரொம்ப இனிப்பானதுக்கு அப்புறம் வர்றது புளிப்பா தெரியும், மந்தமானதுக்கு அப்புறம் வர்றது பிரமாதமா தெரியும். ரெண்டு லிக்விட்ல எதை வாங்கறதுன்னு நிஜமாவே முடிவு பண்ண முடியலன்னா இன்னொரு நாள் வரிசையைத் திருப்பிப் போட்டு பாருங்க, அப்பவும் அதே ஜெயிச்சா அதுதான்.

நடுவுல வாயை எப்படி சுத்தம் பண்றதுன்னு கேட்டா, தண்ணி. சாதா தண்ணி, ரொம்ப ஜில்லுன்னு வேணாம். பிஜியும் விஜியும் ஈரத்தை இழுக்கற சாமான், அடிக்க அடிக்க வாய் வறண்டு போகும், எச்சில்ல கரைஞ்சாத்தான் நாக்குக்கு ருசி போய்ச் சேரும், வாய் வறண்டா எது போட்டாலும் மந்தம்தான். அதோட உப்பு போடாத வெறும் பிஸ்கட் இல்லன்னா ஒரு துண்டு பிரெட் கடிச்சா நாக்குல ஒட்டியிருக்கற இனிப்பை அது தேச்சு எடுத்துடும், உணவு டேஸ்ட் பாக்கற தொழில்ல இருக்கறவங்க பண்றதும் கிட்டத்தட்ட இதேதான். உதட்டையும் துடைங்க, சுக்ரலோஸ் அங்கதான் ஒட்டிக்கிட்டு இருக்கும், நாக்கால தடவிட்டு அடுத்த லிக்விட் ரொம்ப இனிப்புன்னு சொல்லிடுவோம்.

மூக்குக்கு காபிக்கொட்டை மோந்து பாருங்கன்னு ஒரு யோசனை சுத்திக்கிட்டே இருக்கும், சென்ட் கடைக்காரங்க கிளப்பி விட்டது. 2011ல வந்த ஒரு ஆய்வுல அதைச் சோதிச்சுப் பாத்தப்ப காபிக்கொட்டையும் வெறும் காத்தும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. எழுந்து வெளிய போய் நல்ல காத்துல நில்லுங்க, இல்லன்னா உங்க முழங்கை மடிப்பையோ சட்டைக் கையையோ மோந்து பாருங்க, அது உங்களுக்கு ரொம்பப் பழகின மணம், புதுசா எதையும் கூட்டாது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு புகை மண்டின ரூம்ல உக்காந்து டேஸ்ட் பாத்தா மூக்குக்கு ஓய்வே இல்ல, பஃப் இழுக்காத நேரத்துலயும் அதே மணத்தைத்தான் மோந்துக்கிட்டு இருக்கீங்க.

பல்லு தேச்சிட்டு ஃப்ரெஷ்ஷா உக்காரலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பேஸ்ட்ல நுரைக்காகப் போடற சோடியம் லாரில் சல்ஃபேட் நாக்குல இனிப்பை அமுக்கி கசப்பைத் தூக்கி விடும், பல்லு தேச்ச கையோட ஆரஞ்சு ஜூஸ் குடிச்சா குமட்டுதே அதுக்குக் காரணம் இதுதான், போதாததுக்கு பேஸ்ட்லயே மிண்ட் வேற. மவுத்வாஷும் அப்படித்தான். சாப்பிட்டதும் உடனே வேணாம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல இடைவெளி விட்டு உக்காருங்க. சளி பிடிச்சிருக்கற நாள்ல அந்தப் பக்கமே போகாதீங்க.

இழுக்கும்போது எல்லா ஃப்ளேவருக்கும் ஒரே வாட், ஒரே ஏர்ஃப்ளோ வச்சுக்கங்க. வாட் ஏத்தினா சில ஃப்ளேவர் நல்லா விரியும், சிலது தீஞ்ச மாதிரி ஆயிடும், ஒண்ணை 30ல அடிச்சு இன்னொண்ணை 50ல அடிச்சுட்டு ரெண்டையும் ஒப்பிடறதுல அர்த்தமே இல்ல. பாட்டிலை நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க. ஒரு பஃப் சின்னதா, ஒண்ணு நீளமா, ஒண்ணு மூக்கு வழியா விட்டு, அப்புறம் நிறுத்திட்டு தோணினதை உடனே ரெண்டு வார்த்தை எழுதிடுங்க, அடுத்தது இழுத்தா இது மறந்துடும். காட்டன் காஞ்சு ஒரே ஒரு டிரை ஹிட் வந்தாக்கூட அன்னிக்கு டெஸ்டை மூட்டை கட்டிடுங்க, அந்தத் தீஞ்ச வாடைக்கு அப்புறம் தொண்டைக்கு எதுவும் சரியா தெரியாது.

இழுக்காமலே பாதி வடிகட்டவும் ஒரு வழி இருக்கு. வெள்ளைப் பேப்பரை மெல்லிசா நீளமா வெட்டி ஒண்ணொண்ணுலயும் ஒரு சொட்டு விட்டு பேர் எழுதி கொஞ்சம் காய விட்டு மோந்து பாருங்க, செயற்கை வாடை அடிக்கறது, சோப்பு மாதிரி மணக்கறது இதெல்லாம் இங்கயே தெரிஞ்சுடும், அதையெல்லாம் காட்டன் வரைக்கும் கொண்டு போக வேண்டியதே இல்ல. சிலபேர் விரல்ல ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாப்பாங்க, நிக்கோட்டின் இருக்கற லிக்விட்ல அதைச் செய்யவே செய்யாதீங்க, தோல் வழியாவே நிக்கோட்டின் உள்ள போகும், முழுங்கினா விஷம். கையில பட்டா உடனே கழுவுங்க, பாட்டிலும் அந்தப் பேப்பரும் கழட்டிப் போட்ட காட்டனும் குழந்தைங்க கைக்கு எட்டற இடத்துல கிடக்கக் கூடாது.

நிக்கோட்டின்னு சொன்னதும் இன்னொண்ணு, டேஸ்ட் பாக்கற அன்னிக்கு நம்மளை அறியாம வழக்கத்தைவிட நிறைய பஃப் போயிடும், அதுவும் டிரிப்பர்ல ஆவி அதிகம். டேங்க்ல அடிக்கற அதே ஸ்ட்ரெங்த்தை அங்க ஊத்தினா தலை சுத்தும், வயித்தைப் புரட்டும். ஜீரோ இல்லன்னா கிடைக்கறதுலயே கம்மி ஸ்ட்ரெங்த்ல டேஸ்ட் பாருங்க. அதுல ஒரு லாபமும் இருக்கு, நிக்கோட்டின் தொண்டையில ஒரு குத்து குத்தும், காரமா லேசா கசப்பா இருக்கும், அது இல்லாதப்ப ஃப்ளேவர் இன்னும் தெளிவா தெரியும். லேசா தலை சுத்தற மாதிரி இருந்தாலே நிறுத்திடுங்க, மிச்சப் பாட்டில் எங்கயும் ஓடிப் போகாது.

கடைசியா ஒரு சின்ன தந்திரம், களைப்பை அளக்கறதுக்கு. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச லேசான ஃப்ளேவர் ஒண்ணை சாட்சி மாதிரி வச்சுக்கங்க. டெஸ்டு ஆரம்பிக்கும்போது அதுல ரெண்டு பஃப், எல்லாம் முடிஞ்சதும் காட்டன் மாத்திட்டு திரும்ப அதுல ரெண்டு பஃப். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்தா நடுவுல எழுதினதையெல்லாம் நம்பலாம். கடைசியில அது சப்புன்னு ஆயிருந்தா உங்க மூக்கு நடுவுலயே எங்கயோ கை விட்டுடுச்சு, கடைசி ரெண்டு பாட்டிலுக்குக் குடுத்த மார்க்கை அடிச்சுட்டு இன்னொரு நாள் அதையே முதல்ல வச்சுப் பாருங்க. அதுல வேற ஏதாவது ஃப்ளேவர் கலந்து தெரிஞ்சா மூக்கைச் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, மூடியைக் கழட்டி ரிங்கைப் பாருங்க.